கங்காவிடம் யாரும் சொல்லவில்லை

‘சந்திரமுகி’ 2005 ஏப்ரல் 14 அன்று வெளியானது. சுனாமி வந்து 109 நாள் ஆகியிருந்தது. கோவளத்திலிருந்து தெற்கே பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று நீளும் குப்பங்கள் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். அந்தக் குப்பங்களில் ராத்திரி அலைச் சத்தம் கொஞ்சம் கூடினாலும் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவரும் பெண்கள் இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் மனநல மருத்துவர் ஒருவரைக் கதாநாயகனாக வைத்த படம் வந்தது. ஊரே பார்த்தது. சென்னை சாந்தி தியேட்டரில் மட்டும் 800 நாளைத் தாண்டி ஓடியது. இன்றைக்கும் பண்டிகை நாள் மத்தியானத்தில் டிவியைப் போட்டால் ஏதாவது ஒரு சேனலில் கங்கா கண்ணை உருட்டிக்கொண்டிருப்பாள்.

இந்தக் கட்டுரை அந்தப் படத்தைப் பற்றியது, கொஞ்சம் என் மாத்திரை அட்டையைப் பற்றியதும்கூட. நான் செங்கல்பட்டில் இருக்கிறேன். பதினோரு வருடமாகப் பதட்ட நோய்க்கு மருந்து சாப்பிடுகிறேன். சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, என்றைக்காவது தாங்க முடியாதபோது மட்டும் இன்னொன்று. ஒரு நோயாளி விமர்சனம் எழுதினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: படத்தில் நோயாளியாக வருகிறவளைப் பற்றி இதுவரை அதிகம் எழுதியவர்கள் நோயாளிகள் இல்லை, அவ்வளவுதான்.

‘சந்திரமுகி’யைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே தராசில் நடந்தது. பேய் இல்லை, நோய்தான் என்று சொன்ன படம் என்று ஒரு தட்டில் பாராட்டு. கடைசியில் ஆச்சாரியாரையும் யாகத்தையும் உள்ளே விட்டுவிட்டதே என்று மறு தட்டில் குறை. அறிவியலா மூடநம்பிக்கையா என்ற அந்தச் சண்டையில் கங்கா எந்தத் தட்டிலும் இல்லை. எனக்குக் கேள்வி வேறு. கங்காவுக்கு ஒரு நோய் இருக்கிறது. அது சரவணனுக்குத் தெரியும், பிறகு செந்தில்நாதனுக்குத் தெரியும், பிறகு ஆச்சாரியாருக்குத் தெரியும். கங்காவுக்கு யார் சொன்னார்கள்?

கதையை ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்வோம். வேட்டையபுரம் அரண்மனையைச் செந்தில்நாதன் வாங்குகிறார். மனைவி கங்கா பூட்டியிருக்கும் மாடி அறையைத் திறக்கிறாள். ஆந்திரத்திலிருந்து வேட்டைய ராஜா பிடித்து வந்த நாட்டியக்காரி சந்திரமுகி, அவளுடைய காதலன் குணசேகரன் தலை வெட்டப்பட்டது, அவள் உயிரோடு எரிக்கப்பட்டது எல்லாம் கங்காவுக்குத் தெரிய வருகிறது. வீட்டில் விபரீதங்கள் நடக்கின்றன. முதலில் எல்லோரும் சந்தேகப்படுவது துர்காவை. அதாவது, யார் என்று தெரியாவிட்டாலும் ஒரு பெண்ணாகத்தான் இருக்கும் என்பதில் வீட்டாருக்கும் நமக்கும் ஐயமே இல்லை. பிறகு சரவணன் நண்பனைத் தனியே கூட்டிப்போய் விளக்குகிறார். நண்பன் நம்ப மறுக்கிறார். நிரூபிக்க ஒரு சோதனை: வெளியே கிளம்பும் மனைவியைப் போகவிடாமல் தடுக்க வேண்டும். கணவர் தடுக்கிறார், அவள் மாறுகிறாள், ஒற்றைக் கையால் கட்டிலைத் தூக்குகிறாள். தியேட்டரில் விசில் பறந்த இடம் அது.

அந்தக் காட்சியை ஒரு நோயாளியாகப் பாருங்கள். மருத்துவர் சொல்லி, கணவர் வேண்டுமென்றே அவளைச் சீண்டுகிறார். அவளுக்கு வலிக்கும் இடம் எது என்று தெரிந்துகொண்டு அங்கே விரலை வைக்கிறார்கள். சோதனை அவளுக்காக நடக்கவில்லை, கணவர் நம்புவதற்காக நடக்கிறது. அவளுக்கு நினைவு திரும்பியதும் அவள் கணவனிடம் கேட்பது என்ன நடந்தது என்றுதான். இதைவிட நியாயமான கேள்வி அந்தப் படத்தில் இல்லை. பதில் கிடைப்பதில்லை.

சிகிச்சை என்று வருவதும் ஒரு நாடகம். வேட்டையனாக மருத்துவரே வேஷம் கட்டி, கடைசி நொடியில் பொம்மையை மாற்றி வைத்து, அவளை எரிக்க விட்டு, பழி தீர்ந்தது என்று நம்பவைப்பது. சினிமாவுக்கு அது பிரமாதமான உச்சக் காட்சி, மறுக்கவில்லை. ஜோதிகா அதில் செய்திருப்பதை இன்னொரு நடிகை செய்திருக்க முடியுமா என்று தெரியாது. ஆனால் இந்த வைத்தியத்தை நான் வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறேன். அம்பையின் ‘காட்டில் ஒரு மான்’ கதையில் தங்கம் அத்தை பூப்படையவில்லை. பல வைத்தியங்கள் செய்து பார்த்தபின், பயமுறுத்தினால் சரியாகும் என்று யாரோ சொல்ல, இருட்டில் கறுப்பாகப் போர்த்திய ஓர் உருவம் அவள்மேல் பாய்கிறது. அவளுக்குக் கிடைத்தது காயம். ஒரு பெண்ணின் உடம்போ மனமோ சரியில்லை என்றால் அவளுக்குத் தெரியாமல் சுற்றி உள்ளவர்கள் கூடிப் பேசி, ஓர் அதிர்ச்சியை ஏற்பாடு செய்து, அது பலிக்கிறதா என்று பார்ப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம். அம்பை அதைக் காயத்தின் பக்கமிருந்து எழுதினார். பி. வாசு அதை ஏற்பாடு செய்தவர்களின் பக்கமிருந்து எடுத்தார்.

மூலமான மலையாள ‘மணிச்சித்ரதாழ்’ (1993) இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல். அங்கேயும் சிகிச்சை அதே நாடகம்தான், மருத்துவர் சன்னியும் கணவனிடம்தான் முதலில் பேசுகிறார். ஆனாலும் அந்தக் கங்காவுக்கு ஒரு சிறுவயது இருக்கிறது. பெற்றோர் விட்டுவிட்டுப் போய், பாட்டியிடம் வளர்ந்து, தேர்வு சமயத்தில் திடீரென்று அங்கிருந்து பிடுங்கப்பட்ட பெண்பிள்ளையின் பயம் இருக்கிறது. நோய்க்கு ஒரு வேர் இருப்பதாக மது முட்டம் எழுதினார். ஷோபனாவுக்கு அந்த ஆண்டின் தேசிய விருது கிடைத்தது. தமிழுக்கு வந்தபோது எடை நாயகன் பக்கம் சாய்ந்தது, அது ரஜினி படம் என்பதால். வேரைத் தோண்ட நேரமில்லை.

அதே 2005இல், இரண்டு மாதம் கழித்து, ஜூன் 17 அன்று ‘அந்நியன்’ வந்தது. ஷங்கர் படம். ஒரே உடம்பில் பல ஆட்கள் என்ற அதே நோய்தான். ஆனால் அம்பிக்கு அது வந்தால் அவன் ஊழலைத் தண்டிக்கிறான், ஊர் கைதட்டுகிறது, நீதிமன்றம் அவன் நிலையைக் கேட்டு மருத்துவமனைக்கு அனுப்புகிறது. கடைசி ரயில் காட்சியில் அவன் குணமாகவில்லை என்பது நமக்குக் காட்டப்படுகிறது, அதற்கும் கைதட்டல். கங்காவுக்கு அது வந்தால் கணவனுக்கு ஆபத்து, குடும்பத்துக்கு ஆபத்து, எப்படியாவது அவளைப் பழைய மனைவியாக்க வேண்டும். ஆணின் பிளவு நாட்டுக்குப் பயன்படுகிறது, பெண்ணின் பிளவு வீட்டைக் கெடுக்கிறது. இரண்டையும் ஒரே கோடையில் பார்த்து ரசித்தோம்.

ஐஸ்வர்யா இயக்கிய ‘3’ (2012) வேறு வகை. நோய் ராமுக்கு. இருமுனைக் கோளாறு என்று பெயர் சொல்லப்படுகிறது, மருத்துவர் இருக்கிறார், மருந்து இருக்கிறது. தமிழில் அது சின்ன முன்னேற்றம் இல்லை. ஆனால் விஷயம் தெரிந்தது ராமுக்கும் நண்பன் செந்திலுக்கும். மனைவி ஜனனிக்குச் சொல்லக் கூடாது. அவன் செத்த பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. நோயாளி பெண்ணாக இருந்தால் அவளிடம் சொல்வதில்லை. நோயாளி ஆணாக இருந்தால் அவனோடு படுத்து எழுகிறவளிடம் சொல்வதில்லை. பிறகு 2023இல் ‘சந்திரமுகி 2’ வந்தது. அதில் நோய் என்ற பேச்சே போய் நிஜ ஆவியாகவே ஆகிவிட்டாள் சந்திரமுகி. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதினெட்டு வருடத்தில் நாம் நடந்த தூரம் அது.

*

இந்தப் படங்களை வெறும் படங்களாக விட்டுவிடலாமே என்று தோன்றும். விட முடியாததற்குக் காரணம் சொற்கள். கோபத்தில் குரலை உயர்த்தினால் வீட்டில், வகுப்பில், ஆபீசில் “சந்திரமுகி ஆயிட்டா” என்று சிரிப்பார்கள். படபடப்பில் கை நடுங்குகிறவளுக்கு அந்தச் சிரிப்பு கேட்டால் அடுத்த முறை நடுக்கத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். மறைத்தால் டாக்டரிடம் போகமாட்டாள். போனாலும் மனநல டாக்டர் என்று சொல்லமாட்டாள், “நரம்பு டாக்டர்” என்பாள். கொடுத்தது “நரம்பு மாத்திரை”. எங்கள் பக்கம் எத்தனையோ பேர் பையில் அந்த மாத்திரை இருக்கிறது. எதற்கு என்று கேட்டால் “நரம்பு தளர்ச்சிக்கு”, “தூக்கத்துக்கு”, “சத்துக்கு”. பதட்டம் என்ற சொல் கூட நகரத்துச் சொல்தான். கடற்கரையில் நான் கேட்டவை: “நெஞ்சு அடிச்சுக்குது”, “வயித்துல ஒரு பயம்”, “பயந்துட்டா”. பயந்தவளுக்கு மந்திரிப்பார்கள், தாயத்துக் கட்டுவார்கள், வேப்பிலை அடிப்பார்கள். சுனாமிக்குப் பிறகு “பயந்துட்டா” என்ற சொல்லுக்கு நிறைய வேலை இருந்தது.

அந்தச் சமயத்தில் பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற இடங்களிலிருந்து ஆட்கள் வந்து உள்ளூர்க்காரர்களுக்கு மனநல ஆறுதல் தரப் பயிற்சி கொடுத்தார்கள். அது நல்ல வேலை. ஆனால் அரசு அறிவித்ததில் பெண்களைக் குறித்து என்னைத் தொந்தரவு செய்வது இன்னொன்று: குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்து, அலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு மறு இணைப்பு அறுவை சிகிச்சை இலவசம் என்றது. விரும்பியவர்கள் இருந்தார்கள், அவர்கள் விருப்பத்தைக் குறை சொல்ல நான் யார். நான் பார்ப்பது வரிசையை. ஒரு பெண் துக்கத்தில் இருக்கிறாள் என்றால் மாநிலத்துக்குச் சட்டென்று தோன்றியது அவள் கர்ப்பப்பை. அவள் தூங்குகிறாளா, கடலைப் பார்க்க முடிகிறதா, மீன் கூடையைத் தூக்கும்போது கை நடுங்குகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அந்த அலை உள்வாங்கியதால் வெளிப்பட்ட தடயங்களைப் பின்தொடர்ந்து சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறை ஒரு பழைய செங்கல் முருகன் கோயிலையே தோண்டி எடுத்தது. அதற்கு ஒரு துறையும் பதிவேடும் இருந்தன. பெண்களின் தூக்கமின்மைக்குப் பதிவேடு இல்லை.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். மந்திரிப்பதையும் சாமியாடுவதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கல்பனா ராம் கன்னியாகுமரிக் கடற்கரைப் பெண்களிடையே பல காலம் வேலை செய்து, ஆவி பிடிப்பதைப் பற்றி ‘ஃபெர்டைல் டிஸார்டர்’ (2013) என்ற புத்தகம் எழுதினார். நோய், ஏமாற்று, மூடநம்பிக்கை என்ற மூன்று பெட்டிகளில் அடக்க முடியாத ஒன்று அதில் இருக்கிறது என்பதை அந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது உணர்ந்தேன். எங்கள் மாவட்டத்திலேயே மேல்மருவத்தூர் இருக்கிறது. மாதவிலக்கு நாளிலும் பெண்கள் கருவறை வரை போய்ப் பூஜை செய்யலாம் என்ற இடம். சிவப்புப் புடவையில் ரயிலேறுகிற பெண்களோடு நானும் பயணம் செய்திருக்கிறேன். வீட்டில் வாய் திறக்காதவள் அங்கே தலையை விரித்துப் போட்டுக் கத்துகிறாள். கத்தியதற்காக யாரும் அவளைத் திட்டுவதில்லை, கேட்டதை வாங்கிக் கொடுக்கிறார்கள். ‘சந்திரமுகி’யில் கங்கா தெலுங்கில் பேசும்போது மட்டும்தான் தனக்கு வேண்டியதைக் கேட்கிறாள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? குணமானதும் அவள் கேட்பது நின்றுவிடுகிறது.

ஆனால் சாமி இறங்கிப் போன பிறகு, ரயிலில் திரும்பி வரும்போது, அதே படபடப்பு திரும்பி வந்தால் என்ன செய்வது? அங்கேதான் மாத்திரை வருகிறது. அதைப் பற்றி நம் பெண்ணிய எழுத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

நாம் படித்து வளர்ந்த விமர்சனம் மேற்கிலிருந்து வந்தது. சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ கதை 1892இல் வெளியானது. எழுதாதே, படிக்காதே, படுத்தே இரு என்ற ஓய்வுச் சிகிச்சை ஒரு பெண்ணை என்ன செய்தது என்ற கதை. அங்கேயும் மருத்துவர் கணவரே. 1963இல் வேலியம் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதே வருடம் பெட்டி ஃபிரீடன் புத்தகமும் வந்தது. வீட்டுக்குள் அடைபட்டு மூச்சு முட்டுகிற பெண்ணுக்குக் கதவைத் திறக்காமல் மாத்திரையைக் கொடுத்து உட்காரவைத்தார்கள் என்று அவர்கள் சொன்னது உண்மை. ஃபில்லிஸ் செஸ்லர் 1972இலும் எலைன் ஷோவால்ட்டர் 1985இலும் எழுதியவற்றுக்கு நான் கடன்பட்டவள். ஆனால் அந்த வாதத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து செங்கல்பட்டில் நட்டால் ஒரு விபரீதம் நடக்கிறது. “மாத்திரை போட்டு உன்னை அடக்கப் பார்க்கிறார்கள்” என்று மேடையில் ஒரு தோழி சொல்வதற்கும், “மாத்திரை எல்லாம் வேணாம், பழகிடும், கோயிலுக்குப் போ” என்று மாமியார் சொல்வதற்கும் விளைவு ஒன்றுதான். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற பெண் அன்று ராத்திரி மாத்திரையை எடுத்து வைத்துவிடுவாள். காரணம் இரண்டு, தூங்காத ராத்திரி ஒன்று.

இங்கே சிக்கல் மாத்திரை அதிகமா குறைவா என்பதைவிட, அரைகுறையாகக் கிடைப்பதுதான் என்று நினைக்கிறேன். விளக்கமில்லாமல் கிடைப்பது. பதட்டத்துக்கு எழுதும் மருந்துகளில் இரண்டு வகை முக்கியம். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை மெதுவானவை. பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல் வரலாம், சிலருக்குப் படபடப்பு முன்பைவிடக் கூடலாம். குளோனஸிபாம், அல்பிரசோலம் போன்றவை வேறு. ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சு அடங்கும். ஆனால் தினமும் போட்டால் சில வாரத்திலேயே உடம்பு பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் பழைய பயம் இரண்டு பங்காகத் திரும்பும், வலிப்பு வரைக்கும் போகலாம். அதனால்தான் 2014 மார்ச் முதல் அல்பிரசோலம் ஹெச்1 அட்டவணையில் இருக்கிறது. மெடிக்கலில் சீட்டைப் பார்த்து, பேர் எழுதிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாத்திரையில் சேர்த்தும் இங்கே விற்கிறார்கள். வாங்குகிறவளுக்கு எது எந்த வேலையைச் செய்கிறது என்று எப்படித் தெரியும்? பத்து நாளில் “கேட்கலை” என்று மெதுவானதை நிறுத்துவாள். சட்டென்று கேட்டதை மட்டும் வருடக்கணக்கில் தொடர்வாள். யாராவது ஐந்து நிமிடம் செலவழித்துச் சொல்லியிருந்தால் இது தலைகீழாக நடந்திருக்கும்.

எனக்கு அந்த ஐந்து நிமிடம் முதல் தடவை கிடைக்கவில்லை. ஒரு தனியார் கிளினிக். எந்த ஊர் என்பது முக்கியமில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், என் கணவர் பக்கத்து நாற்காலியில். மருத்துவர் என்னிடம் கேட்டது வயதும் பிள்ளைகள் எண்ணிக்கையும். மற்றதெல்லாம் அவரிடம். “வீட்ல எப்படி நடந்துக்கறாங்க? சமையல்லாம் பண்றாங்களா?” பிறகு சீட்டை அவரிடம் நீட்டி, “சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுங்க” என்றார். நான் அதே அறையில் இருந்தேன், காது கேட்கும். வெளியே வந்ததும் கணவர் சீட்டை என்னிடம் கொடுத்து, “என்னன்னு நீயே படிச்சுப் பாரு” என்றார். அந்த விஷயத்தில் செந்தில்நாதனைவிட அவர் தேவலாம். இரண்டாவது மருத்துவர், ஒரு பெண்மணி, அரசு மருத்துவமனைக் கூட்டத்துக்கு நடுவே, ஓபி சீட்டின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினார்: இது மெதுவாக ஏறும், இது சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும், இதை நிறுத்தும்போது படிப்படியாக. தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார், அவையும் நெஞ்சை இப்படி அடிக்க வைக்கும் என்றார். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

சட்டம் அந்த இரண்டாவது மருத்துவர் பக்கம்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகியது நாடு முழுவதும் கேள்வி எழுப்பியது. 2017இல் நிறைவேறி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு, நோய் என்ன, சிகிச்சைத் திட்டம் என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு என்கிறது. 14ஆம் பிரிவின்படி தன் சார்பில் பேச ஒருவரை அவளே நியமிக்கலாம்; அது கணவராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. தங்கையாக இருக்கலாம், தோழியாக இருக்கலாம். வெற்றுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். இதை எந்தப் படமும் சொல்லவில்லை என்பது இருக்கட்டும், எத்தனை மகளிர் குழுக் கூட்டத்தில் சொன்னோம்?

நெருக்கடிக் காலம் வந்தால் இந்த உரிமையெல்லாம் முதலில் அவிழும். 2020இல் ஊரடங்கு. ஜூன் 19 முதல் சென்னையோடு செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூரையும் மறுபடி முழுசாக அடைத்தார்கள். தொலைபேசியில் மருத்துவம் பார்க்க மார்ச் 25 அன்று வழிகாட்டுதல் வந்திருந்தது, ஆனால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளை அப்படி எழுதக் கூடாது என்றது. காரணம் புரிகிறது. அல்பிரசோலத்தில் பழகிப்போன பெண்ணுக்கு அந்த வாரங்கள் எப்படிப் போயிருக்கும் என்பதும் புரிகிறது. வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள், மூன்று வேளைச் சமையல், பாத்ரூமில் மட்டும்தான் தனியாக அழலாம். அட்டையில் எத்தனை மிச்சம் என்று தினமும் எண்ணினேன். மெதுவான மருந்து எனக்குத் தடையில்லாமல் கிடைத்தது, அதனால் தப்பினேன்.

2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. கொளவாய் ஏரிப் பக்கம் எங்கள் வீட்டில் ஜன்னல் அடித்துக்கொண்டது, கரண்ட் இல்லை, எனக்கு நெஞ்சு தொண்டைக்கு வந்தது. டிசம்பர் என்றாலே இங்கே பலருக்கு அப்படித்தான். மாமல்லபுரத்தில் மீன் விற்கிற ஓர் அக்கா, சுனாமியில் மச்சானைப் பறிகொடுத்தவர், ஒருமுறை என்னிடம் சொன்னார்: “மார்கழி பொறந்தா எனக்கு கை கால் எல்லாம் தானா ஓடும்மா. எங்க ஓடுறதுன்னு தெரியாது.” அவரும் நரம்பு மாத்திரைதான் சாப்பிடுகிறார். எந்த மாத்திரை என்று பார்த்தேன். சட்டென்று கேட்கிற வகை, ஆறு வருடமாக. அதற்கப்புறம் இரண்டு பேரும் கோவளத்துக்குப் போனோம். பான்யன் அமைப்பு அந்தப் பக்கம் சமூக மனநல வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரியாது, இத்தனைக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. தெருவே பார்க்கப் பையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள், யாரும் கூச்சப்படுவதில்லை. நெஞ்சு மாத்திரை மட்டும் அரிசிப் பானைக்குள் இருக்கிறது.

எனக்கு அலை எழும்பும் நாட்களில் நான் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மெதுவான மாத்திரையை எக்காரணத்துக்கும் தவறவிடுவதில்லை. மற்றதை எடுத்தால் தேதி எழுதிவைக்கிறேன். ஒரே வாரத்தில் மூன்று தேதி விழுந்தால் டாக்டரைப் பார்க்கிறேன். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குகிறேன். காபியைக் குறைக்கிறேன், அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 இருக்கிறது, 2022 அக்டோபரிலிருந்து, தமிழில் பேசுவார்கள். இன்னொன்று, வீட்டில் அன்றைக்குச் சமையலிலிருந்து விடுப்பு. அதை எழுதிக் கொடுக்கிற டாக்டரை நான் இன்னும் சந்திக்கவில்லை, நானே எடுத்துக்கொள்கிறேன். மாத்திரை வேலையைக் குறைக்காது என்று ஃபிரீடன் தலைமுறை சொன்னது சரிதான். வேலையைக் குறைத்தால் மட்டும் நெஞ்சு அடங்கிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

‘சந்திரமுகி’யில் இல்லாத ஒரு காட்சியை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு நிமிடம் போதும். பாட்டும் சண்டையும் எத்தனையோ நிமிடம் எடுத்துக்கொண்ட படத்தில் அதற்கு இடமிருந்தது. சரவணன் செந்தில்நாதனை வெளியே இருக்கச் சொல்கிறார். கங்கா எதிரே உட்கார்கிறாள். உங்களுக்குள் இப்படி ஒன்று நடக்கிறது, அந்த நேரம் உங்களுக்கு நினைவில்லை, இதற்கு இன்ன பெயர் என்று அவர் சொல்கிறார். அவள் அழலாம், நம்பாமல் இருக்கலாம், எழுந்து போய்விடலாம். உட்கார்ந்தே இருந்தால் கேள்வி கேட்பாள். நான் கேட்டவைதான் அவளும் கேட்பாள்: இது எத்தனை நாளைக்கு? மருந்து சாப்பிட்டால் தூங்கிவழிவேனா? பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா? என் வீட்டுக்காரருக்கு எவ்வளவு சொல்வீர்கள்? துர்காமேல் பழி போட்டார்களே, அவளிடம் யார் மன்னிப்புக் கேட்பது? அந்த மாடி அறைக்கு இனிமேல் நான் போகலாமா கூடாதா?